நான்காம் எண் இல்லாத அடுக்கு

ரஃபேலுக்கு ஐம்பத்தொரு வயது. செர்டாங் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, டிவி ரிப்பேரில் கை பழகி, கடைசியில் ஜித்ராவில் ஒரு கடைவீட்டு மாடியில் வந்து நிலைத்தவர். அங்கே ஆறு சர்வர்கள் ஒரே அடுக்கில் ஓடிக்கொண்டிருந்தன. மலேசியாவின் கெடா மாநிலத்துச் சின்னச் சின்ன கிளினிக்குகள் எடுக்கும் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் அவற்றில் சேர்ந்தன. ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பிரதிகள், இரண்டு வேறு சர்வர்களில். ஒரு டிஸ்க் செத்தால், மிஞ்சிய பிரதியைப் பார்த்து கம்ப்யூட்டரே இன்னொன்று எடுத்துக்கொள்ளும். செத்ததைக் கழற்றிப் புதியதைச் செருகுவது ரஃபேலின் வேலை. பதினொரு வருஷமாக ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

கழற்றிய டிஸ்க்கை அப்படியே விடக்கூடாது என்பது அங்கே சட்டம். நோயாளியின் படம் வெளியே போய்விடக்கூடாதே. ஒருவர் சாட்சியாக நிற்க, அங்கேயே டிரில்லால் மூன்று ஓட்டை போட்டுவிட வேண்டும்.

அடுக்கில் நான்காம் எண் கிடையாது. நாலு ஆகாது என்பது சீன முதலாளியின் நம்பிக்கை. மூன்றுக்கு அடுத்து ஐந்து என்று ஸ்டிக்கர் ஒட்டியதே ரஃபேல்தான். கம்ப்யூட்டருக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. ஒன்று முதல் ஆறு வரை ஒழுங்காக எண்ணியது. திரை ஐந்து என்றால் அவர் ஆறாம் ஸ்டிக்கருக்குப் போவார். செத்த டிஸ்க்கில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். பழைய எந்திரங்களில் பாதி விளக்குகள் எரிவதே இல்லை.

அன்று காலை திரை சொன்னது: ஐந்தாம் சர்வர், இரண்டாவது டிஸ்க். புதுப் பிரதி எடுப்பது பாதிதான் முடிந்திருந்தது. செத்ததைக் கழற்ற எதற்குக் காத்திருக்க வேண்டும்? ஐந்து என்று ஸ்டிக்கர் ஒட்டிய சர்வரில் இரண்டாவதைக் கழற்றினார். கூட வேலை செய்யும் ரூபினி சாட்சிக் கையெழுத்துப் போட வந்தாள்.

“சீக்கிரம் ஓட்ட போடுங்கண்ணே, என் மீ கோரேங் ஆறிப்போவுது லா.”

போட்டார். மூன்று ஓட்டை.

திரும்பி வந்து திரையைப் பார்த்தால், செத்த டிஸ்க் இருந்த இடத்திலேயே செத்துக் கிடந்தது. உயிரோடிருந்த வேறொன்றைக் காணவில்லை.

“அலாமாக்!” என்றாள் ரூபினி.

ரஃபேல் ஓட்டை போட்ட டிஸ்க்கைக் கையில் எடுத்தார். துளை வழியாக அவருடைய சட்டைப் பொத்தான் தெரிந்தது. திரும்பச் செருகிப் பார்ப்போமா என்று ஒரு நொடி நினைத்தார். வேறு யாராவது ஏமாற்றியிருந்தால் கோபப்படலாம். தானே ஒட்டிய ஸ்டிக்கரிடம் தானே ஏமாந்தவன் யாரிடம் போய்க் கத்துவது? தெரியாமல் செய்யவில்லை, நன்றாகத் தெரிந்த ஒன்று, வேண்டிய நேரத்தில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த இரண்டு டிஸ்க்குகளில் மட்டும் இருந்து, இன்னும் பிரதி எடுக்கப்படாத படங்கள் போய்விட்டன. செத்த டிஸ்க் சுழலவே மறுத்தது. திரையில் பட்டியல் வந்தது: பதினேழு பேர்.

“அண்ணே, ரெண்டும் ஒரே நாள்ல செத்துப்போச்சுன்னு எழுதிடுவோம்,” என்றாள் ரூபினி, குரலைத் தாழ்த்தி. “நடக்காததா? ஓட்ட போடும்போது உயிரோட இருந்துச்சான்னு யாரு கண்டா?”

“நீ கண்ட. நான் கண்டேன்.”

“நான் வாயத் தொறக்க மாட்டேன். இந்த வயசுல ஒங்களுக்கு வேற வேல யாரு குடுப்பா? ஒங்கள வெளிய அனுப்ப மொதலாளி ஒரு நிமிஷம் யோசிக்க மாட்டாரு.”

அது உண்மை. பட்டியலில் முதலில் இருந்த கிளினிக், கோத்தா கோலா மூடாவில் இருந்தது. ரஃபேல் போனை எடுத்து அதற்கு அடித்தார். கவுண்டரில் இருக்கும் தேவகி எடுத்தாள். சில படங்கள் போய்விட்டன என்று சொல்லி முடிப்பதற்குள், “மெஷின் பிராப்ளமாண்ணே?” என்று கேட்டாள்.

ரூபினி எதிரே நின்று, ஆமாம் சொல்லுங்கள் என்று தலையை ஆட்டினாள்.

“இல்லம்மா. நல்லா இருந்த டிஸ்க்க நான்தான் ஓட்ட போட்டுட்டேன்.”

திட்டுவாள் என்று காத்திருந்தார்.

“நாளைக்குப் பினாங்குக்கு ஆப்பரேஷனுக்குப் போறவங்க ரெண்டு பேரு இருக்காங்க,” என்றாள். “அவங்க படமும் போச்சான்னு பாக்கணும், பேர வாசிங்க.”

ரஃபேல் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். எழுத்துகள் ஓரிடத்தில் நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. முதல் பெயரை வாசித்தார்.

“இல்ல,” என்றாள் தேவகி. “அடுத்தது.”