மூன்று நிலவுகளும் வாப்பாவின் பீங்கானும்

நீல விளிம்பு வைத்த அந்த எனாமல் பீங்கான், வாப்பாவின் சோற்றுத் தட்டு, என் சமையலறை அலுமாரியில் கவிழ்ந்து கிடக்கிறது. யாரும் அதில் சாப்பிடுவதில்லை. ஒரு காலத்தில், பொழுதுபட்டு மஃரிப் தொழுகை முடிந்ததும் உம்மா அதில் சோறு போட்டு வாப்பாவுக்கென்று மூடிவைப்பாள். விடிந்ததும் அந்தப் பழஞ்சோற்றை மட்டும் தின்பாள். வேறெதையும் தொடமாட்டாள். எங்கள் கண்முன்னே அவள் எலும்பாகிக்கொண்டிருந்தாள்.

சோளகக் காற்று சீறும் மாதத்தில் கற்பிட்டிக் கடலுக்குப் போன வாப்பா திரும்பவில்லை. படகு இல்லை, கரையொதுங்கிய மையத்தும் இல்லை. மையத்து இல்லாத வீட்டில் எதைப் பார்த்து அழுவது? காத்திருக்க வேண்டிய காலம் கடந்ததும் பள்ளிவாசல் பெரியவர்கள் வந்து, இனி அவர் இல்லையென்று வைத்து, கணவனை இழந்தவள் இருக்கும் இத்தா இருக்கலாம் என்றார்கள். “அவரு மௌத்தானதை நீங்க கண்டீங்களா?” என்று கேட்டு உம்மா அவர்களை முற்றத்தோடு அனுப்பிவிட்டாள். பிறகு மௌத்து என்ற அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

மாமா, உம்மாவின் தம்பி, ஆலங்குடாவில் படகு எஞ்சின் திருத்துகிறவர். கையில் எப்போதும் எண்ணெய்க் கறுப்பு. ஒருநாள் மூடிய பீங்கானைப் பார்த்தபடி இருந்தவர் சொன்னார்: “ராத்தா, மச்சானப் பத்தி ஒரு கதை வந்தீக்கி.”

நட்சத்திரத்துக்காரர்கள் வானத்திலிருந்து வலை வீசினார்களாம். முழங்காலில் கண் உள்ளவர்கள். படகை மீன் என்று நினைத்து இழுத்துவிட்டார்கள். அங்கே மூன்று நிலவு. கடல் வற்றுவதும் பெருகுவதும் ஒரே நேரத்தில். அவர்களுடைய வான்கப்பலும் கயிறு இழுத்தால்தான் ஸ்டார்ட் ஆகும், இழுக்கத் தெரிந்தவர் வாப்பா மட்டும்.

“போடா பொய்யா,” என்றாள் உம்மா. கொஞ்சம் பொறுத்து, “அங்க தொழுறதுக்குக் கிப்லா எந்தப் பக்கமாம்?” என்றாள்.

“கீழ்ப்பக்கம். பூமி கீழதானே ஈக்கி. குனிஞ்சாப் போதும்.”

வாப்பா போனபின் உம்மா சிரித்தது அன்றுதான். அதற்குப்பின் பின்னேரம்தோறும் மாமா வந்தார், கதை வளர்ந்தது. அத்தனையும் அபத்தம். ஆனால் யாராலும் வாசல் தாண்டிக் கொண்டுவர முடியாத ஒன்றை, அந்த முழங்கால் கண்ணர்கள் தூக்கிக்கொண்டு மெல்ல மெல்ல உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். அது அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் மாமா உம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “அங்க அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவுல இங்க ஒரு ஆயுசே முடிஞ்சிருமாம். மச்சான் இப்பதான் அஸர் தொழுதாராம்.”

“அப்ப அவரு வரக்குள்ள நான்?”

“நீ ஈக்க மாட்டாய் ராத்தா. அதால சோறு வைக்க வேணாமாம். அங்க பசியே எடுக்குதில்லையாம்.”

உம்மா சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு பாதியில் முறிந்து அழுகையானது; அடிவயிற்றிலிருந்து வந்த அழுகை. மாமாவும் அழுதார். பிறகு அவளே பீங்கானைக் கழுவிக் கவிழ்த்தாள். மறுநாள் வெள்ளை உடுத்து இத்தா இருந்தாள்.

உம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். மாமா இப்போது என் வீட்டில், நினைவு தப்பிய கிழவராக. போன கிழமை ஜன்னலோரக் கதிரையில் உட்கார்ந்தபடி கேட்டார், “மகள், மச்சான் இன்னும் கரைக்கு வரல்லியா?” முன்பு இப்படிக் கேட்டபோது ஒருமுறை உண்மையைச் சொன்னேன், அப்போதுதான் கேட்டவர்போல நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். ஆகவே இம்முறை, “மூணு நிலவுள்ள இடத்துல எஞ்சின் கயிறு இழுக்கிறாரு மாமா,” என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “பசியோட வருவாரு. சோறு மூடிவச்சியா?” என்றார்.

கதையின் முடிவு எனக்குத் தெரியும். அங்கே பசியே எடுப்பதில்லை, சோறு வைக்க வேண்டாம் என்று அன்று அவர் சொன்னதுதான். சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அலுமாரியைத் திறந்து, பீங்கானை நிமிர்த்தி, சோறு போட்டு மூடினேன்.