ஜப்பானில் நான் எறிந்த பந்துகள்

பேஸ்போலில் பந்து எறிகிறவளுக்கு, எறிவதைவிட அது என்ன தொழில் என்று சொந்தக்காரர்களுக்குப் புரியவைப்பதுதான் பெரிய பாடு. பிழைக்கக் கடல் தாண்டிய எல்லாருக்கும் இது தெரிந்திருக்கும்.

வழியனுப்பு

கொழும்பில் ஒரு கிளப்பில் விளையாடிக்கொண்டிருந்தேன். பார்க்க வந்த ஜப்பான் பயிற்சியாளர் ஒருவர், தங்கள் ஊர்ப் பெண்கள் அணிக்கு வருகிறாயா என்று கேட்டார். அங்கே காலையில் சாப்பாட்டுப் பெட்டி கட்டும் ஃபெக்டரியில் வேலை, பிறகு பயிற்சி. சரி என்றேன்.

பந்து எறியப் போகிறேன் என்று சொன்னதை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் நம்பவில்லை. எங்கள் பெண்கள் வெளிநாடு போனால் வீட்டு வேலைக்குத்தான் போவார்கள். பக்கத்துக் காம்பரா வீட்டு ராசாத்தி அக்கா குவைத்தில் கஷ்டப்பட்டுத் திரும்பியவர். என்னை ஓரமாக அழைத்துப்போய்ச் சொன்னார்: "எந்த வீடா இருந்தாலும் சரி, பாஸ்போட்ட மட்டும் அவங்க கையில குடுத்துடாத புள்ள."

பெயர்

சிவகாமி என்ற என் பெயர் அங்கே யார் வாயிலும் நுழையவில்லை. கடைசியில் 'காமி' ஆக்கிவிட்டார்கள். கூப்பிடும்போதெல்லாம் சிரிப்பார்கள். அவர்கள் பாஷையில் காமி என்றால் சாமி என்று பிறகுதான் தெரிந்தது.

என் பந்தைப் பிடிப்பவள் மிச்சிகோ, என்னைவிட மூத்தவள். முதல் ஆட்டத்தில் பயத்தில் பந்து நாலா பக்கமும் பறந்தது. மிச்சிகோ எழுந்து வந்து, பந்தை என் கையில் வைத்து, மெதுவாகச் சொன்னாள்: "சாமி, வரம் எல்லாம் வேண்டாம். நேராக எறிந்தால் போதும்."

அம்மா பார்த்த ஆட்டம்

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் போன் சிக்னல் கிடையாது. அரையிறுதி ஆட்டத்தைப் பார்க்க, கொழுந்து பறிக்கப் போகாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா பெரகல சந்திக்கு இறங்கிப் போய், ஒரு கடை வாசலில் போனோடு உட்கார்ந்திருந்தார். அன்று நான் எறிந்த கடைசிப் பந்தை எதிரணிக்காரி வேலிக்கு வெளியே அடித்தாள். தோற்றோம். மைதானத்திலேயே அழுதேன்; மிச்சிகோ வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

சந்தியிலேயே காத்திருந்த அம்மாவுக்கு அன்று மாலை போன் எடுக்கவே கூச்சமாக இருந்தது. எடுத்தேன். அம்மா கேட்டார்: "தோத்தத விடு. உன்னக் கட்டிப் புடிச்சுக்கிட்டு ஒரு புள்ள நின்னுச்சே, அது சாப்பிட்டுச்சா?"

தோள்

அடுத்த வருஷம் வலது தோள் போய்விட்டது. இனி எறியக்கூடாது என்று டொக்டர் சொன்னார். கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. ஊருக்குத் திரும்பும்வரை தினமும் காலையில் மிச்சிகோதான் எனக்குத் தலை பின்னிவிட்டாள். எத்தனை பழகியும் பின்னல் கோணலாகத்தான் வந்தது. புறப்பட்ட அன்றும் பின்னிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பண்டாரவளை பஸ் ஸ்டாண்டில் அம்மா காத்திருந்தார். "இனி எறிய முடியாதும்மா" என்றேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த மற்ற எதுவும் வரவில்லை. அம்மா என் பின்னலை எடுத்துத் தடவிப் பார்த்தார். யார் பின்னியது என்று சொன்னேன்.

"கோணலாத்தான் இருக்கு. இருக்கட்டும், இன்னைக்கு அவுக்க வேணாம்."

அவ்வளவு தூரம் போய்ப் பந்து எறிந்ததில் நான் கொண்டுவந்தது மழைக்கு முன்பே வலிக்கத் தொடங்கும் ஒரு தோளும், தமிழ் ஒரு வார்த்தை தெரியாத ஒரு அக்காவும்தான்.