உள்பக்கம் தேய்ந்த டயர்

முன்சக்கரத்தின் உள்பக்கமாகக் கையை விட்டுத் தடவியபோது விரலில் நூல் தட்டுப்பட்டது. ரப்பர் இருக்க வேண்டிய இடத்தில் நூல்! தூக்கிவாரிப் போட்டது எனக்கு. தரையில் மல்லாந்து படுத்து, தலையை உள்ளே நுழைத்துப் பார்த்தேன். வெளிப்பக்கத்து ரப்பர் பட்டன்கள் புதுக் கருக்கு மாறாமல் அப்படியே இருந்தன. உள்பக்கத்தில்தான் நாலு விரல் அகலத்துக்கு மொழுமொழுவென்று தேய்ந்து, அடியிலிருந்த துணி வெளியே தெரிந்தது. எழுந்து அடுத்த சக்கரத்துக்கு ஓடினேன். அதுவும் அதே கோலம். இரண்டும் போன மாதம் மாட்டிய புது டயர்கள்.

டயர் தேய்ந்ததற்கா ஒருவன் இப்படிப் பதறுவான் என்று இன்றைக்குக் கேட்பார்கள். கேட்கட்டும். அது ஜப்பான் காலம். கோலாலம்பூரில் ஒரு ஜப்பானிய ராணுவ அதிகாரிக்கு நான் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். யுத்தத்துக்கு முன்னால் அந்தக் கார் ஒரு தோட்டத்துத் துரையுடையது. நான் அவருடைய டிரைவர். துரை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சிங்கப்பூருக்கு ரயிலேறிவிட்டார். காரைப் பிடுங்கிக்கொண்ட ஜப்பான்காரர்கள் கூடவே என்னையும் எடுத்துக்கொண்டார்கள்.

சுற்றிலும் பார்த்த இடமெல்லாம் ரப்பர் மரம். பாலை வாங்க ஆளில்லாமல் தோட்டங்கள் காடாகிக் கிடந்தன. ஆனால் ஒரு டயர் வேண்டுமென்றால் சிங்கப்பூர் ராணுவக் கிடங்கிலிருந்து அதிகாரி சொல்லி வரவழைக்க வேண்டும். இந்த அநியாயத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முதல் ஜோடி டயர் இதே மாதிரித் தேய்ந்தபோது அதிகாரி என் கன்னத்தில் மாறி மாறி அறைந்தார். நான் திருட்டுத்தனமாகச் சாமான் ஏற்றி ஓட்டுகிறேனாம். பிறகு துபாஷியைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். துபாஷி நம் தமிழர்தான். ஜப்பானிய பாஷை வகுப்பில் படித்துத் தேறி அந்த வேலைக்கு வந்தவர். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

“புது டயர் வருதாம். அதுவும் இப்படித் தேஞ்சா ஒன்ன சயாமுக்கு அனுப்பிடுவாராம். பாத்து ஓட்டு தம்பி.”

சயாம் என்ற சொல்லைக் கேட்டாலே அப்போது ஈரக்குலை நடுங்கும். அங்கே காட்டை வெட்டி ரயில் பாதை போடுகிறார்கள் என்று தோட்டம் தோட்டமாக லோரியில் வந்து ஆள் பிடித்தார்கள். கொஞ்ச காலம்தான் வேலை, வயிறாரச் சோறு என்று ஆசை காட்டினார்கள். ஆசைக்கு மசியாதவர்களைப் பாசார் சந்தையிலேயே மடக்கி ஏற்றினார்கள். போனவர்களில் திரும்பி வந்தவர் என்று ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் அக்கா வீட்டில் இருந்தேன். அத்தான் செந்தூல் ரயில்வே பட்டறையில் இயந்திரம் பழுதுபார்க்கிற பிட்டர். அதிகாரி மேட்டுப் பங்களாவில் மத்தியானம் தூங்கும்போது, காரைக் கழுவ குவாட்டர்ஸ் குழாயடிக்குக் கொண்டுவருவேன். அப்படிக் கழுவும்போதுதான் நூல் என் விரலில் தட்டியது. வீட்டுக்குள் போய் நின்றேன்.

“என்னடா, பேயறைஞ்ச மாதிரி வந்து நிக்கிற?” என்றாள் அக்கா.

சொன்னேன். அவள் கையிலிருந்த மரவள்ளிக் கிழங்கு அப்படியே தட்டில் விழுந்தது. அத்தானுக்கு அன்றைக்கு ஓய்வு நாள். கையைக் கழுவிக்கொண்டு என்னோடு வெளியே வந்தார். காரின் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சக்கரங்களைப் பார்த்தார்.

“மாப்ளே, இந்தக் காரு எப்பலேருந்து இப்படிக் குனிஞ்சு நிக்குது?”

அந்தக் கதையைச் சொன்னேன். கிள்ளானில் ஒரு நாள் வரிசையாக நின்ற சிப்பாய்களுக்கு முன்னால் அதிகாரி காரைவிட்டு இறங்கினார். இடுப்பில் தொங்கிய நீள வாள் புட்போர்டில் மாட்டி, ஆள் முழங்கால் குத்தி விழுந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ஆனாலும் அடி எனக்குத்தான் விழுந்தது. மறுநாளே கார் ராணுவப் பட்டறைக்குப் போனது. முன் ஸ்பிரிங் ஒவ்வொன்றிலும் ஒரு சுற்றை வெட்டி எடுத்தார்கள். பின்னாலும் பட்டைகளைக் குறைத்தார்கள். கார் தரையோடு தாழ்ந்தது. அதன் பிறகு அதிகாரி ராஜா மாதிரி இறங்கினார்.

அத்தான் தொடையில் தட்டினார்.

“அதான் சங்கதி. ஒசரத்தக் கொறச்சா சக்கரத்தோட தலை உள்ள சாயும், காலு வெளிய அகலும். காலை அகட்டி நடக்கிறவன் செருப்பு உள்பக்கந்தானே தேயும்? அதோட சக்கரம் ரெண்டும் ஆளுக்கொரு தெசையப் பாக்குது. நீ எப்படி ஓட்டுனாலும் தேயத்தான் செய்யும்.”

எனக்கு ஒரே சமயத்தில் நிம்மதியும் ஆத்திரமும் வந்தன. வெட்டினது அவர்கள், அறை வாங்கினது நான்!

“திரும்ப ஒசத்திட்டா சரியாயிடுமா அத்தான்?”

“ஆயிடும். ஆனா ஒசத்துனா அவன் ஒன் தலைய வாங்கிடுவான். தாழ்வாவே இருக்கட்டும். தாழ்வா இருந்தாலும் சக்கரத்த நேரா நிக்க வைக்கலாம். இன்னைக்கு நேரம் பத்தாது, வர்ற ஞாயித்துக்கெழம பாப்போம்.”

“ஒங்களுக்கு ஏன் வம்பு?” என்றேன்.

“ரயில்வேக்காரன என்னா செய்வான்? எங்களப் புடிச்சுக்கிட்டுப் போனா இவன் ரயில யாரு ஓட்டுறது? போ மாப்ளே, வேலையப் பாரு” என்று சிரித்தார். நாங்கள் எல்லாரும் அதை நம்பினோம். பட்டறையில் வேலை செய்கிறவனுக்குப் பட்டறையே காவல் என்றுதான் அப்போது பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதிகாரி தூங்கியதும் காரைக் கொண்டுவந்தேன். அத்தான் தண்டவாளத்துக்கு அடியில் போடும் பழைய சிலிப்பர் கட்டைகளை அடுக்கிக் காரின் முன்பக்கத்தைத் தூக்கி வைத்து, சக்கரங்களைக் கழற்றிவிட்டார். சக்கரத்தின் மேல் மூட்டில் கோணலாகக் கடைந்த ஓர் இரும்புப் பின் இருக்கிறது. அதைத் திருகினால் சாய்ந்த தலை வெளியே வரும். துருப்பிடித்து இறுகிக் கிடந்த அதற்கு எண்ணெய் விட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். அப்போது தெருமுனையில் நாய்கள் குரைத்தன. நிமிர்ந்து பார்த்தேன். அதிகாரி நடந்தே வந்துகொண்டிருந்தார், பின்னால் துபாஷி. கிள்ளானுக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்ததாம். பங்களாவில் கார் இல்லை. தேடிக்கொண்டு வந்தவர் கண்ணில் பட்டது, சக்கரம் இல்லாமல் கட்டை மேல் நிற்கும் தம்முடைய கார்.

நான் இடுப்பை வளைத்துக் குனிந்தவன் நிமிரவே இல்லை. முதுகில் வாள் இறங்கப் போகிறது என்றே நினைத்தேன். வாசலில் நின்ற அக்கா, கையில் இருந்த கோப்பையோடு கல்லாகிவிட்டாள். அத்தான் மட்டும் எழுந்து முறையாகக் குனிந்து வணங்கிவிட்டு, துபாஷியிடம் சொன்னார்.

“அண்ணே, துவான்கிட்ட சொல்லுங்க. டயரு உள்பக்கம் தேயுது. ஸ்பிரிங்க வெட்டுனதால வந்தது. டிரைவரு மேல தப்பு இல்ல. வேலை இப்ப முடிஞ்சிரும்.”

துபாஷி சொன்னார். எவ்வளவை மொழிபெயர்த்தார், எவ்வளவை விழுங்கினார் என்பது அவருக்கே வெளிச்சம். அதிகாரி கழற்றிக் கிடந்த டயரின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். விரல்களைத் தேய்த்துக்கொண்டார். பிறகு உட்கார ஏதாவது கொடு என்று சைகை காட்டினார். அக்கா பலகை ஒன்றைக் கொண்டுவந்து போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

அவர் உட்கார்ந்தார். அத்தான் வேலையைத் தொடர்ந்தார். மோசமான டயரை ஸ்டெப்னியாக்கி, இருந்த ஸ்டெப்னியை அதன் இடத்தில் போட்டுவிட்டு, மற்றதை உள்பக்கம் வெளியே வரும்படி ரிம்மில் திருப்பி மாட்டினார். கொத்தனார்கள் வைத்திருக்கும் தூக்குக்குண்டு ஒன்றைச் சக்கரத்தின் ஓரமாகத் தொங்கவிட்டு, தலை நேராக வரும்வரை பின்னைத் திருகினார். ஒவ்வொரு சக்கரத்தையும் சுழலவிட்டு, ஆணியால் டயரின் நடுவில் ஒரு கோடு கீறினார். காரை இறக்கி முன்னும் பின்னும் உருட்டி நிறுத்தினோம். இனி இரண்டு கோடுகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். சக்கரங்களின் பின்பக்கம் ஓர் அளவு, முன்பக்கம் ஓர் அளவு. முன்பக்கம் ஒரு நெல் அளவுக்குக் குறைய வேண்டும். அப்போதுதான் ஓடும்போது இரண்டும் நேராக நிற்கும் என்றார். நான் நூலின் மறுமுனையைப் பிடித்தேன். என் கை வெடவெடவென்று ஆடியது. நூலும் ஆடியது.

“ஒழுங்காப் புடி மாப்ளே!” என்று அத்தான் அதட்டினார்.

அதிகாரி எழுந்து வந்தார். என்னைத் தோளால் ஒதுக்கிவிட்டு, மண்ணில் மண்டியிட்டு, நூலை அவரே வாங்கிப் பிடித்துக்கொண்டார். நம்புகிறவர்கள் நம்பட்டும். என் கன்னத்தில் இறங்கிய அந்தக் கை கொஞ்சமும் அசையாமல் கோட்டின் மேல் நூலைப் பிடித்திருந்தது. அத்தான் இரண்டு சக்கரங்களையும் இணைக்கிற குறுக்குக் கம்பியைத் திருகுவார், அளப்பார், மறுபடி திருகுவார். அதிகாரி தலையாட்டிக்கொண்டே இருந்தார். நான் வாயைப் பிளந்து நின்றேன்.

முடிந்ததும் அதிகாரி அத்தானை என் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு கிள்ளான் சாலைக்குப் போகச் சொன்னார். நேரான இடம் வந்ததும் ஸ்டீயரிங்கை விடச் சொன்னார். விட்டேன். கார் கோடு போட்ட மாதிரி நேராகப் போனது. பின்னாலிருந்து அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். அத்தானுக்கு ஒரு பெட்டி சிகரெட் கொடுத்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு நானும் சிரித்தேன். சயாம் என்னைவிட்டுப் போய்விட்டது என்று எனக்குக் கண்ணில் நீர் முட்டியது.

அன்றைக்கு வீட்டில் கல்யாண வீட்டுக் கலகலப்பு. “ஜப்பான்காரன மண்ணுல மண்டி போட வச்சிட்டீங்களே!” என்று அக்கா அத்தானைச் சீண்டிக்கொண்டே இருந்தாள். அடுத்து வந்த நாள்களில் காலையில் எழுந்ததும் என் முதல் வேலை டயரின் உள்பக்கத்தைத் தடவிப் பார்ப்பது. மேற்கொண்டு தேயவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, அத்தானை அலுவலகத்துக்கு அழைத்து வரும்படி துபாஷி சொன்னார். “துவான் ரொம்ப சந்தோசமா இருக்காரு” என்றும் சொன்னார். அரிசி கொடுப்பார்கள் என்று அக்காவுக்கு எண்ணம். ஒரு துணிப்பையை மடித்து அத்தான் கையில் கொடுத்து அனுப்பினாள்.

அதிகாரி எழுந்து நின்று அத்தானை வரவேற்றார். நீளமாகப் பேசினார். துபாஷியின் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

“இந்தக் கை இங்க வீணாப் போகக் கூடாதாம்” என்றார் துபாஷி. “சயாம்ல லோரியெல்லாம் டயரத் தின்னு தீக்குதாம். ஒங்கள மாதிரி ஆளு அங்க வேணுமாம். இது பெரிய கௌரவமாம். இன்னைக்கே ரயிலாம்.”

எனக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. இன்றைக்கே என்றால் எப்படி? வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டாமா? பட்டறையில் கேட்க வேண்டாமா? பட்டறைக்குச் சொல்லியாகிவிட்டதாம். நான் அதிகாரியின் காலில் விழுந்தேன். என்னை அனுப்புங்கள், நான்தான் டயரைத் தேய்த்தவன் என்று கதறினேன். துபாஷி அதைச் சொன்னார். அதிகாரி எனக்காக வருத்தப்படுகிறவர் மாதிரி சிரித்தார்.

“ஒன்னால அங்க ஒரு பிரயோசனமும் இல்லையாம்” என்றார் துபாஷி.

அத்தான் கையிலிருந்த பையைச் சுருட்டி என்னிடம் நீட்டினார். ஸ்டேஷனுக்கு அவரை நான்தான் ஓட்டிப் போக வேண்டும் என்று உத்தரவு. பின்னால் இரண்டு சிப்பாய்கள். வழியில் பிரிக்பீல்ட்ஸ் தெருவைத் தாண்டினோம். நிறுத்தட்டுமா என்று கேட்கக்கூட என்னால் முடியவில்லை. “அக்காவப் பாத்துக்க. அழுதா அழ விடு” என்றார் அத்தான். ஸ்டேஷனில் இறங்கிக் கூட்டத்தோடு போய்விட்டார்.

காலிப்பையோடு வீட்டில் நுழைந்தேன். அக்கா உலையை ஏற்றி வைத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். “அரிசி கொடுக்கலன்னா போவுது, அவரு எங்க?” என்றாள். நான் சொன்னதும் அவள் அழவில்லை. நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாள். அடுத்த நாள் மாலை வரையிலும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜப்பான்காரர்கள் சரணடைந்த பிறகு சயாமிலிருந்து ஆள்கள் ரயிலில் வந்து இறங்கினார்கள். எலும்பும் தோலுமாக, உடம்பெல்லாம் புண்ணாக. ரயில் வருகிறது என்றால் அக்காவும் நானும் ஸ்டேஷனுக்கு ஓடுவோம். ஒரு நாள் சுங்கை பூலோ தோட்டத்துக்காரர் ஒருவர் அத்தானைத் தெரியும் என்றார். ஒரே ரயிலில் போனவர்களாம். காலரா வந்து அத்தான் இறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டு அழுதார். அக்கா தூணைப் பிடித்துக்கொண்டாள்.

“லோரி டயரு வேலைக்குன்னு கூட்டிக்கிட்டுப் போனாங்களே?” என்று கேட்டேன்.

“லோரியா? நாங்க இருந்த எடத்துல ரோடே இல்லையே தம்பி. எறங்குன அன்னைக்கே எல்லாரு கையிலயும் மம்பட்டியும் கூடையுந்தான். அவரும் நான் பிட்டரு, பிட்டருன்னு சொல்லிப் பாத்தாரு. யாரு கேட்டா? எங்களோடதான் மண்ணு சொமந்தாரு.”

மண் சுமக்க ஆள் வேண்டுமென்றால் பாசாரில் பிடித்த மாதிரி பிடித்துப் போயிருக்கலாமே! எழுந்து நின்று வரவேற்றதும், கௌரவம் என்றதும் எதற்கு? அந்த அதிகாரி பொய் சொன்னாரா, அல்லது தாம் சொன்னதை அவரே நம்பினாரா? எது உண்மையானாலும் என் ஆத்திரம் அடங்காது.

அக்கா தூணிலிருந்து கையை எடுத்தாள்.

“அப்ப அவரு கையில ஒரு ஸ்பானரக்கூட யாரும் கொடுக்கலியா?” என்று அந்தத் தோட்டத்துக்காரரிடம் கேட்டாள்.

அவர் இல்லையென்று தலையாட்டினார்.