பன்னிரண்டாவது ஊசி

நான் நாலாம் வகுப்புவரைதான் படித்தேன். எழுத்தும் கோணல், ஞாபகமும் குறைவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணமான புதிதில் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே தொழிலாளர் லயத்தில், வரிசை வீடு ஒன்றில் இருந்தோம். என் தோள்வலிக்காக மாமியார் என்னைக் கிள்ளான் பட்டணத்துக்கு, ஒரு சீன ஊசி வைத்தியரிடம் கூட்டிப்போனார். ஒல்லியான மனிதர். மெல்லிய ஊசிகளை உடம்பில் குத்திவைக்கும்போது நோயாளியையே எண்ணச் சொல்வார், அது அவர் வழக்கம். எனக்குக் கூச்சம், வாய்க்குள்ளேயே எண்ணினேன்.

அன்று குத்தியது பன்னிரண்டு. எடுத்துத் தட்டில் போட்டது பதினொன்று. அவர் கை கழுவப் போய்விட்டார். மிச்ச ஊசி உடம்புக்குள் போய்விட்டதோ என்று எனக்கு வியர்த்துக் கொட்டியது.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றேன்.

மாமியார் என் தொடையைக் கிள்ளினார். "சும்மா இரு. வைத்தியரையே கேள்வி கேப்பியா?"

என் குரல் கேட்டு வைத்தியர் திரும்பி வந்து தட்டை எண்ணினார். முகம் வெளுத்தது. என்னை அசையாதே என்று சைகை காட்டிவிட்டு முதுகெல்லாம் தேடினார். கழுத்துக்குப் பின்னால், சரிந்த கொண்டைக்கு அடியில் இருந்தது ஊசி. மெதுவாக உருவி எடுத்தார்.

"என் தப்பு," என்றார், சந்தையில் பழகிய பாசார் தமிழில். பிறகு மாமியாரிடம், "அம்மா, இவ வாய மூடாத லா. இவ சொல்லலேன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

"நல்லா சொன்னீங்க போங்க. இனி வீட்லயும் பேசுவா."

அதுவரை எந்த ஆணும் என்னிடம் தன் தப்பை ஒப்புக்கொண்டதில்லை. அவரால் மட்டும் எப்படி முடிந்தது என்று இன்னும் யோசிக்கிறேன். அந்த வைத்தியர் கடை ஆற்றோரமா, ஸ்டேஷன் பக்கமா என்பது நினைவில்லை. தெரிந்தவர்கள் யாராவது விசாரித்துத் திருத்துங்கள்.