சட்டைக்குள் தவளை

முருங்கனில் வேலை செய்த நாலு வருடமும் நான் தலைமன்னாரிலிருந்துதான் போய் வந்தேன். மகள் எழும்ப முதல் வெளிக்கிடுவேன். அவள் நித்திரையான பிறகு திரும்பி வருவேன். லீவு நாளில் வீட்டில் நின்றால், வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல அவள் கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்ப்பாள். மன்னார்க் கந்தோருக்கு இடமாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தேன். அதற்குச் சிபாரிசுக் கடிதம் எழுதவேண்டியவர் எங்கள் பொறுப்பதிகாரி.

அவர் கெட்ட மனிதர் இல்லை. பென்சனுக்குப் போக ஒரு வருடம் இருந்தது. மனைவியும் பிள்ளைகளும் வெளிநாட்டில். குவாட்டர்ஸில் தனியாக இருந்தார். தேத்தண்ணி நேரத்தில் மீன் பிடிக்கிற கதையைத் தவிர வேறு கதை அவரிடம் இல்லை. மகன் அனுப்பிய தூண்டில் தடியைக் கந்தோருக்கே கொண்டுவந்து காட்டினார். மற்றவர்கள் ஒரு சாட்டுச் சொல்லி எழும்பிப் போக, நான் மட்டும் இருந்து கேட்டேன். ஒருநாள் வாய் தவறி அல்ல, யோசித்தே சொன்னேன்:

“எங்கட ஆக்களுக்கு மீன்பிடி எண்டால் உயிர் சேர். நானும் சின்னனில இருந்து தூண்டில் போடுறனான்.”

பச்சைப் பொய். அப்பாவோடு மூன்று தரம் கடலுக்குப் போயிருக்கிறேன். மூன்று தரமும் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தேன். அதனால்தான் என்னைப் படிக்க விட்டார்கள்.

தை மாதம் பிறந்து சில நாள் இருக்கும், அவர் என் மேசைக்கு வந்தார்.

“ஞாயிறு குளத்துக்குப் போவம். விரால் நல்லாப் படுகுதாம். உயிர் இரை போட்டுப் பிடிப்பம். வாறீரோ?”

“ஓம் சேர். வாறன்.”

வீட்டில் சொன்னபோது மனைவி சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“வாசலில கடலை வைச்சுக்கொண்டு, பூசையையும் விட்டிட்டுக் குளத்து மீன் பிடிக்கப் போறீங்களோ?”

“இடமாற்ற விசயமப்பா. அவர் கூப்பிடேக்க மாட்டன் எண்டு சொல்லேலாது.”

“வேலையை ஒழுங்காச் செய்தால் காணாதே அதுக்கு?”



ஞாயிறு விடிய முதலே மோட்டார் சைக்கிளை எடுத்தேன். மன்னார்ப் பாலத்தில் வாடைக்காற்று பக்கவாட்டில் அடித்துத் தள்ளியது. முருங்கன் போய்ச் சேர்ந்தபோது ஹாண்டிலைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகத்தான் விரிக்க முடிந்தது. அங்கிருந்து அவருடைய காரில் போனோம். கந்தோர்ச் சாரதியும் வந்திருந்தார்.

குளம் முருங்கனுக்குத் தெற்கே, வயல்களுக்கு அப்பால், பெரிதாக யாரும் போகாத இடம். மாரி மழைக்கு நிரம்பி, மிஞ்சின நீர் வானால் பாய்ந்துகொண்டிருந்தது. நீருக்கு மேலே பனி. தூறல் விட்டுவிட்டு விழுந்தது. குளக்கட்டில் நின்றால் கூதல் காலால் ஏறியது.

சாரதி பெயின்ற் வாளி ஒன்றை இறக்கி மூடியைத் திறந்தார். முந்தின நாள் பின்னேரம் வயலில் பிடித்த தவளைகள். இருபது இருக்கும். ஈரச்சாக்குத் துண்டின் கீழ் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அடியில் கிடந்தவை செத்து வயிறு ஊதியிருந்தன. மேலே இருந்தவை அந்த ஊதிய வயிறுகளை மிதித்துக்கொண்டு வாயைத் திறந்து மூடின. அழுகின கீரைத் தண்ணீரின் மணம் ஒன்று எழும்பி வந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “நல்ல தவளையள்” என்றேன்.

பொறுப்பதிகாரி ஒன்றை எடுத்தார். தூண்டில் முள்ளைக் கீழ்த்தாடையில் ஏற்றி மூக்கால் வெளியே எடுத்தார். சத்தம் ஒன்றும் வரவில்லை. ஆனால் தவளை இரண்டு கையையும் தூக்கி, நாலு நாலு விரலாலும் முள்ளின் தண்டைப் பிடித்துக் கீழே தள்ளியது. கசப்பு மருந்துக் கரண்டியைப் பிள்ளை தள்ளுமே, அப்படி. எங்கள் அப்பா சூடை மீனை உயிரோடு கோர்த்துப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. மீனுக்குக் கை இல்லை.

தவளை தண்ணீரில் விழுந்து, காய்ந்த இலைபோல மிதந்தது. உதைக்கவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும்.

“குளிருக்கு விறைச்சுப் போச்சுது சேர்,” என்றார் சாரதி. “உதைச்சால்தான் விரால் அடிக்கும். கொஞ்சம் சூடு காட்டவேணும்.”

“எப்பிடிக் காட்டுறது? நெருப்பும் மூட்டேலாது, எல்லாம் ஈரம்.”

இருவரும் யோசித்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பேச்சு அப்படியே போயிருக்கும். யாரும் என்னைக் கேட்கவில்லை.

“நான் ஜக்கெற்றுக்குள்ள வைக்கிறன் சேர்,” என்றேன்.

பொறுப்பதிகாரியின் முகம் மலர்ந்தது. “பார்த்தீரே, கடற்கரை மூளை!” என்று சாரதியிடம் சொன்னார்.

இரண்டு தவளைகளை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டு, ஜக்கெற்றின் சிப்பை மேலே இழுத்தேன். முதலில் இரண்டு ஐஸ் கட்டிபோலத்தான் இருந்தது. குளக்கட்டில் குந்தியிருந்து கையால் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் உடம்புச் சூடு மெல்ல மெல்ல அவைக்குள் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் ஒன்று அசைந்தது. பிறகு மற்றது. வழுவழுப்பாக என் நெஞ்சில் உரசிக்கொண்டு திரும்பின. ஒன்று பையை விட்டு ஏறிப் பொத்தானுக்கு இடையால் தலையை நுழைத்து, தோலில் வயிற்றை ஒட்டி வைத்துக்கொண்டு இருந்துவிட்டது. அதன் தொண்டை துடிப்பது எனக்குத் தெரிந்தது. பிறகு சூடாக என்னவோ வழிந்து வயிறுவரை இறங்கியது. மூத்திரம். தொண்டைக்குள் காலைச் சாப்பாடு வந்து நின்றது. விழுங்கினேன்.

“உயிர் வந்திட்டுதோ?”

“ஓம் சேர். நல்லா உதைக்குது.”

அவருக்கு விரல் விறைத்திருந்தது, கண்ணாடியிலும் பனிப்புகார் படிந்திருந்தது. “நீரே முள்ளில கோரும்” என்றார். கோர்த்தேன். தாடை எலும்பில் முள் தடக்கியது. அழுத்தினேன். கதலிப் பழத்தோலைக் குத்துவதுபோலக் கடைசியில் இலகுவாகப் போனது. இதுவும் கையைத் தூக்கியது. அந்தக் கையில் இன்னும் என் சூடு இருந்தது.

அல்லி இலைகளுக்கு நடுவே அது விழுந்து இரண்டு உதை உதைத்தது. தண்ணீர் வெடித்ததுபோல ஒரு சத்தம். தடி வளைந்தது. பொறுப்பதிகாரி கத்திக்கொண்டு பின்னுக்கு நடந்தார். முழங்கையிலும் நீளமான விரால் ஒன்று குளக்கட்டில் வந்து விழுந்து சேற்றில் புரண்டது. அவர் மழையில் நின்று சிரித்த சிரிப்பை அதற்கு முன் கந்தோரில் நான் கண்டதில்லை.

பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றி எனக்குத்தான் முதலில் தந்தார். என் கைகளில் கொழகொழவென்று தவளைத் தோலின் பசை. அதே கையால் கோப்பையை வாங்கிக் குடித்தேன்.

“நீர் போனாப் பிறகு இப்பிடி ஒராள் எனக்குக் கிடைக்காது,” என்றார்.

“போனாப் பிறகோ சேர்?”

“மன்னாருக்குத்தான். உம்மட கடிதத்தை நான் கார்த்திகையிலயே எழுதி அனுப்பிப்போட்டனே. இனி மேலிடத்தில இருந்து கட்டளை வரவேண்டியதுதான். சொல்லேல்லையோ நான்?”

“இல்லை சேர்.”

“மறந்துபோனன் போல. போக முதல் உம்மை ஒருக்கா விரால் பிடிக்கக் கூட்டிக்கொண்டு வரவேணும் எண்டு நினைச்சனான். உமக்கு உயிர் எண்டு சொன்னனீரெல்லே?”

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். நான் குளத்தைப் பார்த்தேன். மற்றத் தவளை இன்னும் என் சட்டைக்குள் இருந்தது. எழும்பிப் போய் அதைப் புல்லில் விட்டிருக்கலாம். இனி இந்த மனிதரிடம் எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை என்று அந்த நிமிடம் நன்றாகத் தெரியும்.

“அதையும் போட்டுப் பாப்பமே?” என்றார்.

“ஓம் சேர்” என்று அதையும் எடுத்துக் கோர்த்தேன்.

இதை எழுதும்போதும் சத்தி வரப்போகிறதுபோல வாய்க்குள் உமிழ்நீர் ஊறி வருகிறது. முதல் தவளைக்கு ஒரு காரணம் சொல்லலாம். இரண்டாவதுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அது ஒன்றையும் கொண்டுவரவில்லை. மத்தியானம் திரும்பினோம். விராலை எனக்கே தந்தார். உரப்பையில் போட்டு ஹாண்டிலில் கட்டித் தொங்கவிட்டேன். விரால் லேசில் சாகாது. தலைமன்னார் வரைக்கும் அது என் முழங்காலில் அடித்துக்கொண்டே வந்தது.

மனைவி பையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

“சேத்து மணம். இதை நான் தொடமாட்டன். உங்களிலயும் அதே மணம். முதல்ல போய்க் குளியுங்கோ.”

நான் முதலில் மீனை வெட்டினேன். கிணற்றடியில் வைத்துத் தலையில் அடித்துக் கொன்று வயிற்றைக் கீறினேன். தவளை முழுசாக இருந்தது. தோல் மட்டும் வெளிறி, கால் இரண்டும் நீட்டியபடி. பலகையில் அதைக் கண்டதும் குனிந்து, தேத்தண்ணியும் மற்றதும் எல்லாம் வெளியே வரும்வரை சத்தி எடுத்தேன். மனைவி தண்ணீர் வாளியோடு வந்து முதுகைத் தடவினாள். நடந்ததைச் சொன்னேன்.

“கடிதம் ஏற்கெனவே போயிட்டுதோ?”

“ஓம்.”

“அப்ப ஏன் ரெண்டாவதைக் கோர்த்தனீங்கள்?”

மீனையும் தவளையையும் ஒரே குழியில் போட்டு மூடினேன். சட்டையை அவள் எரித்தாள்.

திங்கட்கிழமை பொறுப்பதிகாரி கேட்டார்: “மீன் எப்பிடி?”

“நல்ல ருசி சேர்.”

“அப்ப வாற ஞாயிறும் போவம்.”

“எனக்கு ஏலாது சேர்,” என்றேன். “எனக்கு அருவருப்பு. அண்டைக்கும் அருவருப்புத்தான். மீன்பிடி எனக்குத் தெரியாது. பொய் சொன்னனான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

“முதலே சொல்லியிருக்கலாமே தம்பி,” என்றார். “நானும் உமக்காகத்தானே அந்தக் குளிருக்குள்ள வந்தனான்.”

அதன் பிறகு தேத்தண்ணி நேரத்தில் அவர் தன் அறையிலேயே இருந்தார். பெரிய வெள்ளிக்கு முந்தின தபசுகாலம் தொடங்கிய கிழமை இடமாற்றக் கட்டளை வந்தது. அவரே கையெழுத்து வைத்து, கை குலுக்கி என்னை விடுவித்தார். மீனைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

அடுத்த மாரியில் அவர் தனியாகக் குளத்துக்குப் போனதாகச் சாரதி போனில் சொன்னார். தவளையை அவரே கோர்க்கப்போய், விறைத்த விரலில் முள் ஆழமாக ஏறி, ஆஸ்பத்திரியில் கீறித்தான் எடுத்தார்களாம். போய்ப் பார்க்கவேண்டும் என்று இரண்டு தரம் வெளிக்கிட்டேன். போகவில்லை.