சாவண்ணனின் பன்னிரண்டு வேட்டு

தாம் எத்தனை முறை செத்திருக்கிறோம் என்று அவருக்கே சரியாகத் தெரியாது. முந்நூறைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டார். கூரையிலிருந்து விழுந்து, கண்ணாடிக்குள் பாய்ந்து, வாளால் குத்துப்பட்டு, சமயத்தில் இந்த மூன்றையும் ஒரே நாளில் செய்து, விதவிதமாகச் செத்தவர். நிஞ்சாப் படம் எடுத்தே பிழைத்த அந்த ஸ்டுடியோவில் முப்பது வருடமாக அவருடைய உத்தியோகம் அதுதான். கறுப்பு உடை, கண் மட்டும் தெரிகிற முகமூடி, ஒரு கத்தல், ஒரு சாவு. அப்புறம் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார். யாராவது தேடினால், "சாவண்ணன் செத்துக்கிட்டிருக்காரு, இப்ப வந்துடுவாரு" என்று பதில் வரும். சொன்னவனும் சிரிக்க மாட்டான், கேட்டவனும் சிரிக்க மாட்டான், அவ்வளவு பழகிப்போன பேச்சு.

அவர் சாகும்போதெல்லாம் கொட்டகையில் விசில் பறக்கும். கெட்டவன் செத்தால் பறக்காமல் என்ன செய்யும்? அதில் அவருக்கு வருத்தமில்லை. வருத்தம் வேறு. அந்த முந்நூறு சாவில் ஒன்றில்கூட முகம் தெரிந்ததில்லை. மனைவியின் தம்பி ஒருவன், பஸ் ஓட்டுகிறவன், வீட்டுக்கு வரும்போதெல்லாம் இதே பாட்டைப் பாடுவான். "கறுப்புத் துணியைச் சுத்திக்கிட்டு நின்னா நானும் அத்தான்தான்" என்பான். சாவண்ணன் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார். சிரித்துவிட்டு அன்றைக்கு முழுக்க உம்மென்று இருப்பார்.

மனைவிக்கும் அதே ஸ்டுடியோவில் தையல் வேலை. நிஞ்சா உடை அத்தனையும் அவள் கைவழியாகத்தான் போகும். புருஷனைக் குத்தப்போகிற வாள் எந்த இடத்தில் இறங்கும் என்று முதலில் தெரிந்துகொள்கிறவள் அவள்தான். அந்த இடத்தில் துணியை இரட்டையாக மடித்துத் தைப்பாள். மீதி வேலையை வீட்டுக்கும் கொண்டுவருவாள். இரண்டாம் மாடியில் பலகைத் தரை போட்ட ஒற்றை அறை. காலையில் அவள் மெஷினை மிதிக்க ஆரம்பித்தால் தரை அதிரும், அந்த அதிர்வில்தான் அவர் கண் விழிப்பார்.

சத்தத்தில் அல்ல, அதிர்வில். ஏனென்றால் அவருக்கு இடது காது ஆறு வருடமாகவே செத்துப்போயிருந்தது. வலது காதும் விடைபெறக் காத்துக்கொண்டிருந்தது.

காரணம் அவருடைய சொந்தச் சொத்தான 'பன்னிரண்டு வேட்டு'. இரண்டு கையிலும் இரண்டு ரிவால்வர், ஒவ்வொன்றிலும் ஆறு வெற்றுத் தோட்டா. தூர நின்று சுடுகிற சண்டை அல்ல அது. துப்பாக்கியையே முஷ்டியாக்கி, வருகிற வாளைக் குழலால் தட்டிவிட்டு, தட்டின கையோடு சுட்டு, சுட்ட உதைப்பிலேயே தோளைத் திருப்பி அடுத்த கையை இறக்குகிற சண்டை. அடியும் வேட்டும் ஒன்றாகவே இருக்கும். அதை அவரே யோசித்து, அவரே பழகி, பாதி நிஞ்சாக்களுக்குச் சொல்லியும் கொடுத்தார். அத்தனை வருடமும் வேட்டுகள் வெடித்தது காதோரத்தில்தானே! காது என்ன இரும்பா?

விஷயம் மனைவிக்கு மட்டும் தெரியும். சண்டை மாஸ்டருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். "நிறுத்துன்னு கத்தினா கேக்காதவன் களத்துல நிக்கக் கூடாது" என்பது மாஸ்டரின் சட்டம். நியாயமான சட்டம்தான், அதனால்தான் பயமே. சாவண்ணன் எப்போதும் ஆட்களின் இடது பக்கமாகவே நின்று, உதட்டைப் பார்த்து, முன்கூட்டியே தலையாட்டி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தார்.

அப்படியிருக்கும்போது வந்தது அந்த வாய்ப்பு. புதுப்படத்தில் பன்னிரண்டு வேட்டு தெரிந்த ஒரு வில்லன். அதற்கென்று அமர்த்திய நடிகர் முதல் வாரமே தோள்பட்டை பிசகிப் படுத்துவிட்டார். டைரக்டருக்கு வேறு வழியில்லை. வித்தை தெரிந்தவர் சாவண்ணன்தான், முகமூடி இல்லாமல் அவரே செய்யட்டும் என்றார். மனிதர் அன்றைக்கு வீட்டுக்கு வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றது நின்றபடிதான். ஒரே ஒரு தடவை தன் முகத்தோடு சாக வேண்டும். வேறு எந்த ஆசையும் அவருக்கு அப்போது இல்லை.

கடைசிச் சண்டை இப்படி அமைந்திருந்தது. வில்லன் பன்னிரண்டு வேட்டையும் தீர்த்துவிடுகிறான். தீர்ந்தது தெரியாமல் பதின்மூன்றாவது தடவை இடது கைத் துப்பாக்கியை ஹீரோவின் முகத்துக்கு நேரே நீட்டி அழுத்துகிறான். 'டிக்' என்கிறது. ஹீரோவின் வாள் உள்ளே இறங்குகிறது. ஆக, எண்ணிக்கைதான் உயிர். இரண்டு பேரும் மனசுக்குள் எண்ண வேண்டும், பன்னிரண்டு ஆனபிறகுதான் ஹீரோ நெருங்க வேண்டும். வெற்றுத் தோட்டாவில் குண்டு இல்லைதான், ஆனால் நெருப்பு உண்டு. ஒரு சாண் தூரத்தில் வெடித்தால் கண்ணைப் பிடுங்கிவிடும்.

ஹீரோவாக நடித்த இளைஞனை எல்லாரும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் காதால் எண்ணினான். சாவண்ணன் விரலால் எண்ணினார். எத்தனை முறை அழுத்தினோமோ அத்தனை வேட்டு என்பது அவர் கணக்கு. தோட்டா ஒழுங்காக வெடிக்கிறவரை இரண்டு கணக்கும் ஒன்றுதான்.

மூன்றாம் நாள் ஒத்திகையில் இடது துப்பாக்கியின் முதல் தோட்டா புஸ்ஸென்று போய்விட்டது. அழுத்தினார், வெடிக்கவில்லை, அது அவருக்குத் தெரியவும் இல்லை. பன்னிரண்டு முடிந்தது என்று நினைத்து நீட்டினார். தம்பி பதினொன்று வரைதான் கேட்டிருந்தான். இருந்தும் உள்ளே நுழைந்தான். அவர் அழுத்தினார். ஆறு அறையும் சுற்றி முடித்து, அந்த வெடிக்காத தோட்டா திரும்பவும் குழலுக்கு நேரே வந்து நின்றிருந்தது. இந்தத் தடவை வெடித்தது.

தம்பியின் புருவம் பாதி கருகியது. கண் தப்பியது அவன் அம்மா செய்த புண்ணியம். ஏண்டா நுழைஞ்சே என்று மாஸ்டர் கத்தினார். அவன் புருவத்தைப் பொத்திக்கொண்டே, "பதினொண்ணுதான் கேட்டுச்சு மாஸ்டர். ஆனா அண்ணன் எண்ணிக்கை தப்பாதுன்னு நெனச்சேன்" என்றான்.

அந்தச் சொல்லை அவன் உதட்டிலிருந்து கண் எடுக்காமல் படித்தார் சாவண்ணன். அதைக் கவனித்த மாஸ்டர் அவருக்குப் பின்னால் போய் நின்று, அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டார். சுற்றியிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள், அவர் ஒருவரைத் தவிர. குட்டு வெளிப்பட்டது. வில்லனுக்கும் முகமூடி மாட்டி வேறு ஆளை டூப்பு போட்டுக்கொள்ளலாம் என்று அன்றைக்கே முடிவாயிற்று.

வீட்டில் மனைவி சோறு போடவில்லை, திட்டினாள். எதிரே உட்கார்ந்து, உதடு நன்றாகத் தெரியும்படி, ஒவ்வொரு சொல்லாக.

"உங்க காது போனதுக்கு ஆறு வருஷமா நான் அழுதாச்சு. அந்தப் புள்ளையோட கண்ணு போயிருந்தா அதுக்கு யாருங்க அழறது? ஒரு மூஞ்சியைக் காட்டறதுக்கு இன்னொருத்தன் மூஞ்சியா?"

தப்பு தன்னுடையது, முழுக்கத் தன்னுடையது என்று சொன்னார். சொல்லிவிட்டு, வயதான மனிதர், குலுங்கிக் குலுங்கி அழுதார். அவளும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தாள். கோபம் வந்தால் அவளுக்குத் தைத்தே ஆகவேண்டும். தடதடவென்று மிதித்தாள். இரண்டு தையலுக்கு நடுவே நிறுத்தினாள், மறுபடி மிதித்தாள்.

அவர் அழுகையை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார். பாதத்தைப் பலகையில் அழுத்தி வைத்தார். "இப்ப நிறுத்தினே" என்றார். "இப்ப ஆரம்பிச்சே. இப்ப மெதுவா மிதிக்கிறே." முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல, ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைசிச் சண்டை நடக்கப்போகிற மண்டபமும் பலகைத் தரைதான்.

மறுநாள் காலை முதலில் ஹீரோ தம்பியின் மேக்கப் அறைக்குப் போனார். புருவத்தில் பிளாஸ்திரியோடு உட்கார்ந்திருந்தவனிடம் மன்னிப்புக் கேட்டார். மூடி மறைத்த ஆறு வருடத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னார். பிறகு, ஒவ்வொரு வேட்டு கேட்கும்போதும் வலது காலால் தரையை ஒரு மிதி மிதிக்க முடியுமா என்று கேட்டார். மிதி வந்தால்தான் வேட்டு, மிதி வராவிட்டால் தோட்டா உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். இனி இரண்டு பேருக்கும் ஒரே கணக்கு, அதுவும் தம்பியின் கணக்கு. கோபம் அவனுக்கும் இருந்தது, இருக்காதா? கடைசியில், பழகிப் பார்க்கலாம்ணே என்றான்.

அடுத்தது டைரக்டர். கதையில் அந்த வில்லன் வெறும் ராட்சசன். காரணமில்லாமல் கொல்லுவான், காரணமில்லாமல் சிரிப்பான். சாவண்ணன் அவர் எதிரே நின்று ஒரு கேள்விதான் கேட்டார்.

"இவன் இத்தனை வருஷமா ரெண்டு காதோரத்துலயும் சுட்டுக்கிட்டே இருக்கான். இவனுக்கு எப்படிங்க காது கேக்கும்?"

டைரக்டர் முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. வில்லன் பரிதாபமாகப் போய்விடுவானே, செத்தால் விசில் வராதே என்று இழுத்தார். வராவிட்டால் போகட்டும் என்றார் சாவண்ணன். இத்தனை வருடத்தில் டைரக்டரிடம் அவர் பிடிவாதம் பிடித்தது அதுதான் முதல் தடவை.

டைரக்டர் இறங்கிவந்தார், மாஸ்டர்தான் மசியவில்லை. ஆறு நாள் மிதி வைத்துப் பழகியதை ஓர் ஓரமாக நின்று பார்த்தார். வேண்டுமென்றே நடுநடுவே வெடிக்காத தோட்டா போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் மிதி வராத இடத்தில் சாவண்ணனின் கை நின்றது. ஏழாம் நாள் மாஸ்டர் அவர் முகத்துக்கு நேரே வந்து நின்று, "ஒரே ஒரு டேக். அதுக்கப்புறம் உங்க கார்டு என் மேசையில இருக்கணும். இனி களத்துல இறங்கக் கூடாது. சம்மதமா?" என்றார்.

முப்பது வருடத்துச் சங்கக் கார்டு அது. சண்டைக்காரனுக்கு அதுதான் சோறு. சாவண்ணன் அதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அப்போதே கொடுத்துவிட்டார். டேக் முடியட்டும் என்று நினைத்தால் மனசு மாறிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

படப்பிடிப்பன்று மனைவி தையல் கூடத்தை விட்டு வந்து ஓரமாக நின்றாள். அவர் வெறுங்காலோடு மண்டபத்தில் இறங்கினார். முதல் வேட்டு, மிதி. இரண்டாவது, மிதி. வாள் வர, குழல் தட்ட, தோள் திரும்ப, ஐந்து, ஆறு, ஏழு. ஐம்பத்திரண்டு வயது மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. எட்டு, மிதி. ஒன்பதுக்கு இடது கை அழுத்தியது. மிதி வரவில்லை.

இது மாஸ்டர் போட்ட சோதனைத் தோட்டா அல்ல. அசல் புஸ். ஒத்திகையென்றால் கை நின்றிருக்கும், இருப்பதோ ஒரே டேக், சாவண்ணன் நிற்கவில்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு, மூன்றுக்கும் மிதி வந்தது. இப்போது இடது துப்பாக்கியை நீட்டி அழுத்த வேண்டிய கட்டம். உள்ளே ஒன்று உயிரோடு இருக்கிறது. எந்த அறையில் இருந்தால் என்ன, அதை அந்தப் பிள்ளையின் முகத்துக்கு இன்னொரு தடவை நீட்டுவதில்லை என்று அவர் கை தானாகவே முடிவு செய்தது.

குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பி அழுத்தினார். துப்பாக்கியைப் பார்த்தார். பிறகு ஹீரோவைப் பார்த்து, கதையில் எழுதப்படாத ஒரு வார்த்தையைக் கேட்டார்.

"சத்தம் வந்துதா?"

மாஸ்டரின் கை நிறுத்தச் சொல்லி உயர்ந்தது, குழல் சுவரைப் பார்த்திருப்பதைக் கண்டு அப்படியே இறங்கியது. ஹீரோ தம்பி வாளை ஓங்கியபடி நின்றான். அவனும் நடிக்கவில்லை. மெதுவாக, இல்லை என்று தலையாட்டினான். தன் துப்பாக்கி வெடித்ததா என்று எதிரியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்த அந்தக் கெட்டவன், இரண்டு துப்பாக்கியையும் தரையில் வைத்துத் தள்ளிவிட்டு, முழங்காலிட்டுக் குனிந்து கழுத்தைக் கொடுத்தான்.

கார்டு திரும்ப வரவில்லை. சாவண்ணன் கேட்கவும் இல்லை. இப்போது ஸ்டுடியோவின் துப்பாக்கி அறையில் உட்கார்ந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துப் பிரிக்கிறார். சந்தேகப்பட்டதை எல்லாம் ஒதுக்கிவிடுவார். கஞ்சப் பிசினாறி என்று பேரெடுத்த மேனேஜர்கூட அவரிடம் வாய் திறப்பதில்லை.

படம் வந்த முதல் நாள் மூவரும் கொட்டகைக்குப் போனார்கள். மனைவி வழக்கம்போல அவருக்கு வலப்பக்கம், மச்சான் அவளுக்கு அப்பால். திரையில் அவர் முகம் சுவரளவுக்கு வந்தது. கண், மூக்கு, தாடையில் இருந்த பழைய வெட்டு, எல்லாம் அவருடையது. ஆனால் அவர் அதைப் பார்க்கவில்லை. முப்பது வருடமாக அவர் செத்த நொடியில் கொட்டகை எழுப்பிய அந்தச் சத்தம் இப்போது வருகிறதா என்றுதான் தவித்துக்கொண்டிருந்தார். வலது காதில் ஒன்றும் விழவில்லை. செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் தரையில் வைத்தார். அதிலும் ஒன்றுமில்லை. வாள் இறங்கியது, கெட்டவன் சாய்ந்தான். அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"சத்தம் வந்துதா?" என்றார்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரை வெளிச்சத்தில் உதடு தெரியும்படி அவர் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, "ஒருத்தரும் மூச்சுகூட விடலைங்க" என்றாள். அவளுக்கு அப்பால் பஸ்கார மச்சான் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான்.