கிழக்கு மூலைப் பசளி

எங்கள் வீட்டு வளவின் கிழக்கு மூலையில் கறிக்கு உதவும் எதுவும் முளைக்காது என்பது வாப்பாவின் முடிவு. கடலைப் பார்த்த அந்தத் துண்டில் வெள்ளை மணலும் அடம்பன் கொடியும்தான் கிடந்தன. எனக்கு மூத்தவளான ராத்தாவின் கலியாணத்துக்கு முன் அவளுக்கான வீட்டுக்கு ஓடு போட வேண்டும். அதற்காக அந்தத் துண்டை விற்பதென்று வாப்பா தீர்மானித்திருந்தார். பாலமுனையிலிருந்து ஒரு வியாபாரி வந்து பார்த்தும் போயிருந்தார். எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு எட்டு வயது.

உம்மா மட்டும் இணங்கவில்லை.

"அதுல பசளி பிடிச்சா விக்கப்படாது."

"நோன்புக்கு முதல் பிடிக்கட்டும், பாப்பம்," என்று வாப்பா சிரித்தார். "அந்த மணல்ல உப்புத்தான் விளையும்."

உம்மா அடுப்படிக்குப் பின்னாலிருந்த பசளிக் கீரைக் கொடியில் தண்டுகளை வெட்டி, மாட்டெருவும் சாம்பலும் கலந்த குழிகளில் நட்டார். மீன் கழுவிய தண்ணீரை நாள்தோறும் ஊற்றினார். ஒரு நாள் அவசரத்தில், கருவாடு ஊறவைத்த தண்ணீரையும் ஊற்றிவிட்டார். இரண்டு நாளில் தண்டுகள் வெந்தவைபோலச் சரிந்தன. வாப்பா போய்ப் பார்த்துவிட்டு ஒரு முறை இருமினார்.

வாப்பா தொழுகைக்குக் கைகால் கழுவி ஒழுச் செய்தால் கிணற்றடி குளமாகும். "ஒரு ஆள் ஒழுச் செய்ய ஒரு கிணறு வேணுமா?" என்று உம்மா ஒவ்வொரு நாளும் ஏசுவார். இருமலுக்கு அடுத்த வாரம் அந்த ஏச்சு நின்றுபோனது. வாப்பா கடைக்குப் போயிருந்த ஒரு பகலில், உடைந்த ஓடுகளை வரிசையாகப் பதித்து, ஒழுச் செய்யும் கல்லிலிருந்து கிழக்கு மூலைவரை உம்மா ஒரு வாய்க்கால் போட்டு, புதுத் தண்டுகளும் நட்டிருந்தார். வாய்க்காலுக்கு மேலே பழைய தென்னோலைக் கிடுகுகள். ஓடு பொறுக்கிக் கொடுத்தது நான். கதைக்காமல் இருப்பதும் என் வேலைதான். அதுதான் கடினமாக இருந்தது.

"கால இன்னும் வடிவாக் கழுவுங்க, சேறு கிடக்கு," என்பார் உம்மா. வாப்பா இன்னொரு வாளி அள்ளுவார்.

நோன்பு நெருங்கிய ஒரு பகல், சோற்றுக்குப் பருப்பும் பசளியும்.

"நல்லாக் கிடக்கு. சந்தையிலயா?"

"நம்மட கிழக்கு மூல."

வாப்பா சோற்றுக் கையோடு எழுந்து போனார். வேலியில் பசளி ஏறியிருந்தது. அவர் கிடுகைத் தூக்கி ஓடுகளைப் பார்த்தார். அவற்றைத் தொடர்ந்து நடந்து, தன் ஒழுக் கல்லில் வந்து நின்றார்.

"அப்ப நான்தான் தண்ணி ஊத்தியிருக்கன்."

"ஓம். அஞ்சு வக்துத் தொழுகைக்கும்," என்றார் உம்மா.

துண்டு விற்பனைக்கு இல்லையென்று வியாபாரிக்குத் தகவல் போனது. ராத்தாவின் வீட்டுக்கு ஓடு ஏறவில்லை, கிடுகுதான் வேய்ந்தார்கள். அவள் சில நாள் பசளியைத் தொடாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கட்டிய மச்சான் பிறகு ஓடு போட்டார்.

அடுப்படிக்குப் பின்னால் வேண்டிய அளவு பசளி இருக்க, இன்னொரு பிடி கீரைக்காக உம்மா ஏன் ஓட்டுக் கூரையை விட்டுக்கொடுத்தார் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் முடித்து வைப்பார்கள். அது எனக்குத் தெரியும். ராத்தாவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் இன்னொரு மகள் இருப்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

அந்த மூலையில் இப்போது என் அடுப்படி இருக்கிறது.